கடைசி ஐந்து நிமிஷத்தில் திருந்துகிறவர்கள்

டிவி நாடகங்களைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிப் பழகிவிட்டவள் நான். நாடகத்து வீட்டில் யாரும் பாத்திரம் கழுவ மாட்டார்கள். காலையிலிருந்து சமைக்கிற மருமகளின் சேலையில் ஒரு சொட்டு மஞ்சள் கறை இருக்காது. டெலிபோன் அடித்தால் அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் இந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிச் சொல்லுவார்கள், நமக்குப் புரிய வேண்டுமே என்று. பண்டிகைக்கென்று போடுகிற படங்கள் இதற்கும் ஒரு படி மேல். கோபித்துக்கொண்டு போன தம்பி சரியாக விளக்கேற்றுகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பான். அவன் ஏறிய பஸ் எந்தக் காலத்திலும் தாமதமாக வராது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், ஒரு குழந்தை மத்தாப்புக் கொளுத்தும், படம் முடிந்துவிடும்.

இத்தனையும் தெரிந்தும் நான் அழுவேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டில் லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தால், "படம் பாத்து அழுற கண்ணீருக்கு உப்புக் கம்மி" என்பார். நாடகங்களில் கெட்டவர்கள் எல்லாரும் கடைசி ஐந்து நிமிஷத்தில் திருந்திவிடுவது ஏன் என்று கேட்டால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அரை மணி நேரந்தான் குடுக்கிறாங்க லா. அதுக்குள்ள திருந்தலேன்னா செய்தி வந்துடும்."

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாடகங்களில் நடித்தவர்கள் வேறு யாரும் இல்லை, எங்களைப் போன்றவர்களே. பகலில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார், இன்னொருவர் தபால் ஆபீஸில் ஸ்டாம்பு விற்பார், சாயங்காலம் போய் நடிப்பார். மறுநாள் நம்மோடு அதே மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். அதனால் எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற ஒரு தப்பு உண்டு. திரையில் பார்த்ததை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு ஆளைப் பார்ப்போம். குடிகாரனாக நடித்தவருக்குக் கடையில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நல்ல அப்பாவாக நடித்தவரிடம், தன் பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அந்தத் தப்புதான் ஒரு தீபாவளியன்று எங்கள் வீட்டு வாசல்வரை வந்தது.

அம்மாவும் தங்கையும் குவார்ட்டர்ஸில் என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தார்கள். தங்கை அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். கூட வேலை செய்த பெண் ஒருத்தி நாடகக்குழுவுக்கு அழைத்துப் போக, இவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. முதல் இரண்டு நாடகங்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற வேடம். மூன்றாவதாகக் கிடைத்தது தீபாவளிச் சிறப்பு நாடகம். அதில் அவள் இரண்டாவது மருமகள். பண்டிகை நாளும் அதுவுமாகக் கிழவி மாமியாரின் தகரப் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைக்கிற மருமகள். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு மாதம் பழகினாள். வீட்டில் எங்களுக்கே அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் கிள்ளானிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. ஒரே பையன். அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து வளர்த்திருக்கிறார். கிள்ளான் அத்தை என்றுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர். ஒல்லியான உடம்பு, தடித்த விரல்கள், அதிகம் பேச மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று தங்கையிடம் ஒரே கேள்விதான் கேட்டார். வேலை விட்டு வீட்டுக்கு வர எத்தனை மணியாகும் என்று. தங்கை வாயைத் திறப்பதற்குள் எங்கள் அம்மா முந்திக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் டைப்பிங் கிளாஸ் போகிறாள், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார். டைப்பிஸ்டாக வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு டைப்பிங் கிளாஸ் என்று அத்தை கேட்கவில்லை. தீபாவளி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

தங்கைக்கு அவரைப் பிடித்திருந்தது, மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன். பெண் பார்க்க வந்த மூன்று பேரில் அவளை என்ன புத்தகம் படிப்பாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். என்னிடம் தனியாகச் சொன்னாள், "அக்கா, எனக்கு அவரும் வேணும், நாடகமும் வேணும். ரெண்டுல ஒண்ணை விடச் சொன்னா என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

அடுத்த தடவை மாப்பிள்ளை மட்டும் வந்தபோது, சிரிப்புக்கென்று ஒரு கதை சொன்னார். கிள்ளான் பாசாரில் அவர் அம்மா மீன் வாங்கிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் நின்றவர், ஒரு டிவி நாடகத்தில் மனைவியை அடிக்கிற கணவனாக நடித்த மனிதர். "பொண்டாட்டியை அடிச்ச கையால மீனைத் தொடாதே" என்று அத்தை சொன்னதும், அந்த மனிதர் மீனைப் போட்டுவிட்டுப் போயே போய்விட்டாராம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் எங்கள் அம்மாவின் கை தன் வாயைத் தானாகவே மூடியது. தங்கை மாப்பிள்ளையை கேட் வரைக்கும் அனுப்பப் போனவள், அங்கேயே நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் அம்மாவிடம் இப்போது வேண்டாம், பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

பிறகு டிவியில் விளம்பரம் வர ஆரம்பித்தது. தீபாவளியன்று மாலை, சிறப்பு நாடகம். ஒரு நொடிதான் காட்டினார்கள், அந்த ஒரு நொடியில் என் தங்கை தகரப் பெட்டியோடு நிற்கிறாள்.

அம்மா ஒரு யோசனை சொன்னார். தீபாவளியன்று கிள்ளான் அத்தையை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவிடுவது. மதியம் வந்தால் சாயங்காலம் இருட்டுகிறவரை பேச்சிலேயே வைத்துக்கொள்வது. எங்கள் டிவி பழுது என்று சொல்லிவிடுவது. நாடகம் முடிந்ததும் அனுப்பிவிட்டால், அவர் பார்க்காத நாடகம் நடக்காத நாடகம். என் கணவரிடம் சொல்லி ஏரியல் வயரைப் பிடுங்கச் செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதிலும் தட்டு ரொம்பச் சின்னது என்று நான் சொன்னேன். மடியில் கனம் இருக்கிறவளுக்குத்தானே வழியில் பயம், நீ சும்மா இரு என்று அம்மா என்னை அடக்கிவிட்டார்.

அம்மா மறந்த விஷயம் ஒன்று உண்டு. தீபாவளியன்று எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தக் கதவும் மூடியிருக்காது. மலாய்க்கார வீட்டார், சீன வீட்டார், கணவரோடு வேலை செய்கிறவர்கள், எல்லாரும் வந்துபோவார்கள். வருகிற ஒவ்வொருவரும் தங்கையின் கன்னத்தைத் தட்டி நாடகத்தைப் பற்றி ஏதாவது சொல்லாமல் போவார்களா? காலையிலேயே நான் வீடு வீடாகப் போய், கிள்ளானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நாடகப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்டி மட்டும் அப்போது கோயிலுக்குப் போயிருந்தார்.

மதியம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆட்டுக்கறியை அத்தை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்துவிட்டுப் போனார்கள். லோரி ஓட்டுகிற அண்ணன் மட்டும் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் இருமினார். மணி ஆறு. கணவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். அத்தையே கேட்டார், இன்றைக்குச் சிறப்பு நாடகம் இருக்கிறதே, போடவில்லையா என்று. டிவி பழுது என்று அம்மா சொன்னதும் அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்து ஆன்டி கையில் பலகாரத் தட்டோடு உள்ளே வந்தார்.

"உங்கட டிவி பழுதாமே, இப்பதான் கேள்விப்பட்டன். அதுக்கென்ன, எங்கட வீட்டை வாங்கோவன் எல்லாரும். கலர் டிவியில பாப்பம். பிள்ளை நடிச்சதைப் பாக்காமல் இருக்கலாமோ?"

கிள்ளான் அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பிள்ளை என்றுகூடக் கேட்காமல், எழுந்து ஆன்டியோடு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

ஆன்டி வீட்டு ஹாலில் ஏற்கெனவே பாதிக் குவார்ட்டர்ஸ் உட்கார்ந்திருந்தது. அத்தைக்கு நடுச் சோபாவில் இடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சுவரோரம் நின்று மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. தங்கை கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் வாழ்க்கையில் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் திரையைப் பார்க்கவில்லை. அத்தையின் கையைத்தான் பார்த்தேன். சேலை முந்தானையின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது அந்தக் கை.

தங்கை நன்றாக நடித்திருந்தாள், அதுதான் வம்பே. கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால் தப்பித்திருப்போம். மாமியாருக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டில் தட்டுகிற தட்டு ஒன்று இருக்கிறது, அதற்கே அறையில் நாலு பேர் "சீ" என்றார்கள். பழக்கதோஷம். பக்கத்தில் அந்தப் பெண்ணே உட்கார்ந்திருக்கிறாள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. இவளெல்லாம் உருப்படுவாளா என்று ஒரு அக்கா சத்தமாகவே கேட்டுவிட்டு, பிறகு தங்கையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். திரையில் தங்கை தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். வாசலைத் தாண்டி, தீபாவளி விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அந்த இடத்தில் நாடகம் நின்றது. மாலைத் தொழுகை அழைப்புக்கு நேரமாகிவிட்டது. எந்த நிகழ்ச்சியானாலும் அந்த நேரத்தில் நிறுத்தி, பள்ளிவாசல் படத்தைப் போட்டு அழைப்பு ஒலிபரப்புவார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்த மதத்து வீடானாலும் அது முடிகிறவரை குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அழைப்பு முடிந்ததும், நாடகம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால், அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"டைப்பிங் கிளாஸ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லத் தொடங்கினார். தங்கை முந்திக்கொண்டாள்.

"டைப்பிங் கிளாஸ் இல்ல அத்தை. நாடகத்துக்குத்தான் போனேன்."

"இன்னும் போவியா?"

"கூப்பிட்டா போவேன்."

"கல்யாணம் ஆனாலும்?"

மாப்பிள்ளை அப்போதும் காற்றாடியைத்தான் பார்த்தார். தங்கை ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனாலும்" என்றாள்.

நாடகம் தொடர்ந்தது. நான் எதிர்பார்த்தபடியே மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்தான், வாசலில் பெட்டியைப் பார்த்தான், அழுதான், எல்லாரையும் அழ வைத்தான். என் தங்கை மாமியார் காலில் விழுந்தாள். விளக்கு ஏற்றினார்கள். ஹாலில் இருந்தவர்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. பாரு, திருந்திட்டா பாரு என்று யாழ்ப்பாணத்து ஆன்டி கைதட்டினார். வேறு எந்த வருஷமானாலும் நானும் தட்டியிருப்பேன்.

கிள்ளான் அத்தை எழுந்தார். "இவ எங்க திருந்தினா? நேரம் ஆயிடுச்சு, கால்ல விழுறா" என்றார், யாரையும் பார்க்காமல். ஆன்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா ஓடிப்போய், காலையிலேயே அவருக்கென்று கட்டிவைத்திருந்த பலகார டின்னை நீட்டினார். தீபாவளிக்கு வந்தவர் கையில் பலகாரம் கொடுக்காமல் யாரும் அனுப்ப மாட்டார்கள். கொடுத்ததை வாங்காமலும் யாரும் போக மாட்டார்கள். அத்தை வாங்கவில்லை. மாப்பிள்ளை வாங்கப் போனார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார், அவரும் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த டின் எங்கள் மேசைமேல் அப்படியே இருந்தது. அம்மா அதைத் திறக்கவும் விடவில்லை, எடுத்து வைக்கவும் விடவில்லை. கிள்ளானிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா தங்கையோடு பேசுவதை நிறுத்தினார். 'ஆனாலும்' என்று ஏன் சொன்னாய், பார்க்கலாம் அத்தை என்று சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா என்று என்னிடம்தான் கேட்பார், அவள் காதில் விழும்படி. தங்கை ஆபீஸ் போனாள், வந்தாள். நாடகக்குழுவிலிருந்து அழைப்பு வந்தபோது போனாள். போகிற வழியில் அழுதிருக்கிறாள் என்பது திரும்பி வந்தபோது அவள் கண்ணில் தெரிந்தது. மாப்பிள்ளை ஒருநாள் ஆபீஸ் வாசலில் காத்திருந்து, அம்மா சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், ஆனால் இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை என்று சொன்னாராம். நீங்கள் திறந்தீர்களா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அத்தை தனியாகப் பஸ் பிடித்து வந்தார். என்ன முடிவோடு வந்திருக்கிறார் என்று தெரியாத முகம். அம்மா உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல், தங்கைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பெட்டியைத் தூக்கினியே, அதை யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல அத்தை. காலிப் பெட்டிதான். கனமா இருக்கிற மாதிரி தூக்கணும்னு சொன்னாங்க."

"கனமாத்தான் தூக்கின." அத்தை தன் கையைப் பார்த்தார். "நான் ரெண்டு தடவை அப்படி வாசல்ல நின்னவ. அவரு செத்த வருஷம் மாமியார் வீட்டு வாசல்ல. அப்புறம் எங்கண்ணன் வீட்டு வாசல்ல. இவன் இடுப்புல இருந்தான். யாரும் காட்டுக்கத்தல் கத்தல. உன்னை மாதிரிதான், பேசாம கொண்டுவந்து வச்சுட்டுக் கதவைச் சாத்தினாங்க."

தங்கை, நான் அப்படிச் செய்ய மாட்டேன் அத்தை என்றாள்.

"மாட்டே. நல்ல பிள்ளை நீ. என் முகத்துக்கு நேரா உண்மையச் சொன்ன, அதுவும் எனக்குத் தெரியும். எங்கண்ணி கூட நல்ல பொண்ணுதான். ஒரே வீட்டுல ரெண்டு வருஷம் இருந்தா தெரியும், யாரு நல்லவங்கன்னு." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "கல்யாணத்தை வைங்க. நாடகத்துக்குப் போறது அவ இஷ்டம். ஆனா எங்கூட இருக்க வேணாம். இங்கயே பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ரூம் பாத்துக்கட்டும். கிள்ளான் வீடு நான் பலகை பலகையா வாங்கிக் கட்டினது. அதுல நான் இருந்துக்கிறேன்."

அம்மா பதறிவிட்டார். ஒத்தப் பிள்ளை தாயைத் தனியாக விட்டுவிட்டான் என்று ஊர் பேசும், பழி என் பெண் தலையில்தான் விழும் என்றார்.

"ஊரு வந்தா என் பெட்டியை உள்ள தூக்கி வச்சுது? கிட்ட இருந்தா முட்டப் பகை. எனக்கு இந்தப் பொண்ணோட பகை வேணாம்."

அம்மா புதிதாகச் சுட்ட வடையை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

ஊர் பேசத்தான் செய்தது. நாடகத்தில் செய்ததை நிஜத்திலும் செய்துவிட்டாள் என்று கல்யாணத்துக்கு வந்தவர்களே சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். என் தங்கை காதில் விழும்படியே சொன்னார்கள். யாருக்கும் விளக்கம் சொல்லக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான்தான் ஒரு பந்தியில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளைக்கு அது பெரிய காயம். பெற்ற தாய் தன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டதாகவே அவர் ரொம்ப காலம் நினைத்தார்.

நான் பார்த்த எந்த நாடகத்திலும் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. பண்டிகைப் படமாக இருந்தால் நாங்கள் எல்லாரும் கிள்ளானுக்குப் போய் அழுது, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, பிரிக்பீல்ட்ஸில் விளக்கேற்ற வைத்திருப்போம். போனோம், அழைத்தோம். அவர் வரவில்லை. திருந்த வேண்டியவர் யாரும் அந்த வீட்டில் இல்லை, அதனால் கடைசி ஐந்து நிமிஷமும் வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, புதுமணத் தம்பதியோடு நானும் கிள்ளானுக்குப் போனேன். மதியம் நண்டுக் குழம்பு வைத்திருந்தார். மகனுக்குத் தலையணை போட்டுப் படுக்க வைத்தார். தங்கையிடம் ஆபீஸ் கதை கேட்டார். மணி ஐந்து அடித்ததும் அவரே எழுந்து வாசல் கதவைத் திறந்து, ஆறு மணிக்குமேல் பஸ்ஸில் இடம் கிடைக்காது என்றார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. அவர் செருப்பை மாட்டாமல் வாசற்படியிலேயே நின்றார். தங்கைதான் செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டு, "அடுத்த ஞாயிறு வரோம் அத்தை" என்றாள்.

"வாங்க. கணவாய் வாங்கி வைக்கிறேன்" என்றார் அத்தை. கதவை இழுத்துப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், பஸ் நிற்கிற இடம்வரை எங்களுக்கு முன்னால் நடந்தார்.